விஞ்சியவரும் மிஞ்சியவரும்

மகளின் நடன அரங்கேற்ற அழைப்பிதழில் ‘குருவை மிஞ்சிய சிஷ்யை’ என்று ஒரு வரி சேர்த்திருக்கிறீர்கள். அச்சுக்குப் போகும் முன் அதைப் பார்த்த உங்கள் பெரியப்பா, ‘இதென்ன மட்டு மரியாதை இல்லாமல்?’ என்று முகம் சுளித்திருக்கிறார். அகராதியைப் புரட்டினால் மிஞ்சுதல், விஞ்சுதல் இரண்டுக்கும் ‘மிகுதல், மேற்படுதல்’ என்றே இருக்கிறது. பிறகு எங்கே பிழை என்று கேட்டிருக்கிறீர்கள்.

அகராதி சொல்வது சரி. பெரியப்பா முகம் சுளித்ததும் சரி. முப்பது ஆண்டுகளாக மெய்ப்புத் திருத்துவதே என் பிழைப்பு. இந்த இரண்டு சொற்களுக்காக நான் பலரோடு மல்லுக்கட்டியிருக்கிறேன். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் மிஞ்சு. இது வீட்டுச் சொல், அடுப்படியில் புழங்குகிற சொல். என் அம்மா தினமும் உலைக்கு அரிசி அளக்கும்போது படியைத் தலைதட்டிவிட்டு, கடைசியில் ஒரு கைப்பிடி கூடுதலாகப் போடுவார். ‘மிஞ்சினால் மிஞ்சட்டும், யாராவது வருவார்கள்’ என்பார். யாரும் வராத நாளில் மிஞ்சிய சோற்றில் தண்ணீர் ஊற்றி வைப்பார். மறுநாள் காலை அதுவே எங்களுக்குப் பழையது. மிஞ்சு என்ற சொல்லின் உள்ளே இருப்பது இந்தப் படியும் பானையும்தான். ஓர் அளவு இருக்கிறது. அதற்கு மேலே போனது மிஞ்சியது. செலவானது போக நின்றதும் மிஞ்சியது. ‘கடன் அடைத்தது போக மிஞ்சியது இருநூறு ரூபாய்’, ‘மிஞ்சிப் போனால் பத்து நாளாகும்’, ‘அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு’ எல்லாம் ஒரே பானையிலிருந்து வந்த வழக்குகள். மிகு, மிகை, மிகுதி, மிக்க, மிச்சம் எல்லாம் இதற்கு உறவு. இலங்கைத் தமிழர் பலர் ‘மிச்சம் சந்தோஷம்’ என்று சொல்லும்போது அந்த ‘மிச்சம்’ எச்சத்தைக் குறிப்பதில்லை, ‘மிகவும்’ என்று பொருள்படுகிறது. தெலுங்கிலும் ‘மிஞ்சு’ என்பது அளவு கடப்பதையே குறிக்கும்.

பானை வழிந்தால் அடுப்பு அணையும். அதனால்தான் இந்தச் சொல்லோடு ஒரு கண்டிப்பும் கூடவே வருகிறது. ‘மிஞ்சிப் பேசாதே’ என்று பிள்ளையை அதட்டுகிறோம். ‘கெஞ்சினால் மிஞ்சுவான், மிஞ்சினால் கெஞ்சுவான்’ என்ற பழமொழியில் மிஞ்சுவது தலைக்கு மேல் ஏறுவது. உங்கள் பெரியப்பாவின் காதில் விழுந்தது இந்த மிஞ்சுதான். ‘குருவை மிஞ்சிய’ என்றதும் குருவை எதிர்த்துப் பேசிய, குருவுக்கு அடங்காத பெண் அவர் கண் முன்னே வந்து நின்றுவிட்டாள்.

‘அப்பனை மிஞ்சிய பிள்ளை’ என்று எங்கள் ஊரில் புகழ்ந்தும் சொல்வார்கள், நொந்தும் சொல்வார்கள். பேச்சில் குரல் அதைக் காட்டிக் கொடுத்துவிடும். சிரித்துக்கொண்டே சொன்னால் பாராட்டு, பெருமூச்சோடு சொன்னால் குறை. காகிதத்தில் குரல் கிடையாது. அங்கே சொல்லே எல்லா வேலையையும் செய்தாக வேண்டும். அச்சுக்கு வரும்போது பேச்சை விடக் கூடுதல் கவனம் வேண்டும் என்று நான் ஓயாமல் சொல்வதற்கு இதுதான் காரணம்.

இனி விஞ்சு. ஒலியை மட்டும் பார்த்தால் மிஞ்சும் விஞ்சும் அண்ணன் தம்பி. மகரமும் வகரமும் இதழில் பிறப்பவை. தமிழில் ஒன்றின் இடத்துக்கு மற்றொன்று வருவது புதிதல்ல. விழுங்கு என்பது பேச்சில் முழுங்கு ஆகிறது. விழி என்பது முழி ஆகிறது. இந்த இரண்டாவது இணையைச் சற்று நின்று பாருங்கள். ‘விழித்திரு’ என்றால் அதில் ஒரு மிடுக்கு இருக்கிறது. ‘திருதிருவென்று முழித்தான்’ என்றால் அகப்பட்டுக்கொண்டவனின் முகம் தெரிகிறது. பிறப்பு ஒன்று, புழக்கம் வேறு. வகரம் ஏட்டுக்குப் போயிற்று, மகரம் தெருவில் நின்றது. நாளடைவில் ஆளுக்கொரு வேலையை எடுத்துக்கொண்டன. மிஞ்சு, விஞ்சு இரண்டுக்கும் நடந்தது இதுவே என்பது என் கணிப்பு. பழைய நூல்களில் விஞ்சுதல் வெறுமனே மிகுதலையும் குறித்திருக்கிறது. அகராதிகள் அதைத்தான் பதிந்து வைத்திருக்கின்றன. இன்றைய எழுத்து வழக்கிலோ விஞ்சு என்றாலே சிறப்பில் மேற்படுவது.

சந்தேகம் இருந்தால் இந்த வினைகளுக்குப் பின்னால் எந்தத் துணைவினை இயல்பாக வந்து ஒட்டுகிறது என்று பாருங்கள். விஞ்சி நிற்கிறாள். மிஞ்சிப் போய்விட்டது. மீறி நடந்தான். முந்திக்கொண்டான். தாண்டிச் சென்றான். யாரும் பாடம் எடுக்காமலே நம் வாயில் இப்படித்தான் வருகிறது. ‘விஞ்சிப் போய்விட்டாள்’ என்று எழுதிப் பாருங்கள், காது ஒப்பாது. விஞ்சியவர் நிற்கிறார், மிஞ்சியது கைவிட்டுப் போகிறது. மொழி தன் தீர்ப்பைத் துணைவினையில் எழுதி வைத்திருக்கிறது என்று நான் இளைஞர்களிடம் சொல்வதுண்டு.

விஞ்சுதலில் இன்னொன்றும் உண்டு. ஒருவரை விஞ்சினார் என்று சொல்லும்போது விஞ்சப்பட்டவரின் உயரம் குறைவதில்லை. அவர் உயர்ந்தவராக இருந்தால்தான் அந்தச் சொல்லுக்கே பொருள். சப்பாணியை ஓட்டத்தில் முந்தலாம், விஞ்சியதாகச் சொல்ல முடியாது. ‘ஒன்றையொன்று விஞ்சும் அழகு’, ‘ஒருவரையொருவர் விஞ்சும் புலமை’ என்ற தொடர்கள் நிலைத்ததும் இதனால்தான். இரண்டு பக்கமும் உயர்ந்தபடியே இருக்கிறது, யாரும் கீழே விழவில்லை. இந்த இடத்தில் ‘ஒருவரையொருவர் மிஞ்சும்’ என்று போட்டால் சண்டை வாசம் அடித்துவிடும்.

வெல்லுதலோடு வைத்துப் பார்த்தால் இது பளிச்சென்று தெரியும். வென்றால் எதிரே ஒருவர் தோற்றாக வேண்டும். விஞ்சுவதற்கு அது தேவையில்லை. போரில் தோற்றவரே வென்றவரை விஞ்சியதாகப் பாடிய பாட்டு நம்மிடம் இருக்கிறது: புறநானூற்றின் 66ஆம் பாடல். இன்றைய நீடாமங்கலத்துக்கு அருகே உள்ள கோயில்வெண்ணிதான் அதில் வரும் வெண்ணிப் பறந்தலை, அதாவது வெண்ணிப் போர்க்களம், என்பார்கள். கரிகாலனுக்கும் சேரமான் பெருஞ்சேரலாதனுக்கும் அங்கே போர். சேரனின் மார்பில் பாய்ந்த வேல் முதுகு வழியே போய்ப் புண்ணாக்கிவிட்டது. முதுகில் புண் என்றால் புறமுதுகிட்டவன் என்று ஊர் சொல்லும். அந்த நாணத்தில் அவன் வடக்கிருந்து, அதாவது வடக்கு நோக்கி உண்ணாமல் அமர்ந்து, உயிர்விட்டான். வெண்ணிக் குயத்தியார் என்ற பெண்பாற் புலவர் வெற்றிபெற்ற கரிகாலனையே விளித்துப் பாடுகிறார். அவன் முன்னோரின் கடலாட்சியைச் சொல்கிறார், அவன் ஆற்றலைச் சொல்கிறார், ‘வென்றோய்’ என்று கூப்பிடுகிறார். அடுத்த சொல்லிலேயே ‘நின்னினும் நல்லன் அன்றே’ என்கிறார். உன்னைவிட அவன் நல்லவன் அல்லவா, புறப்புண்ணுக்கு நாணி வடக்கிருந்தானே!

அந்தப் பாட்டில் விஞ்சு என்ற வினை இல்லை. நின்னினும் என்பதில் உள்ள இன் உருபும் உம்மும் சேர்ந்து அதன் வேலையைச் செய்கின்றன. பள்ளியில் ஐந்தாம் வேற்றுமையின் ஒப்புப் பொருள் என்று மனப்பாடம் செய்தோமே, அந்த இன் தான். ‘வென்றோய்’ ஒரு மூச்சு, ‘நின்னினும் நல்லன்’ அடுத்த மூச்சு. வெற்றி ஒருவனிடம், மேன்மை இன்னொருவனிடம். வென்ற அரசனைப் பார்த்து இப்படிச் சொல்ல எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும்! வெல்லுதலுக்கும் விஞ்சுதலுக்கும் வேறுபாடு கேட்கிறவர்களுக்கு நான் இந்தப் பாட்டைத்தான் படித்துக் காட்டுவது வழக்கம்.

பழந்தமிழில் இந்த மேற்செல்லும் பொருளுக்கு வேறு இரண்டு வினைகள் நிறையப் புழங்கின, இன்று நாம் அடையாளம் மறந்துவிட்டவை. ஒன்று கட. பாண்டியன் ஆரியப்படை கடந்த நெடுஞ்செழியன் என்ற பெயரில் ‘கடந்த’ என்பதற்கு நடந்து தாண்டிய என்று பொருளில்லை, வென்ற என்று பொருள். இன்னொன்று இற. ‘நுனிக்கொம்பர் ஏறினார் அஃதிறந் தூக்கின்’ என்கிறது குறள் 476. கிளையின் நுனிவரை ஏறியவர் அதையும் கடந்து ஏற முனைந்தால் உயிருக்கு முடிவு. ‘இறந்த வெகுளி’ என்று 531ஆம் குறளில் வருவது செத்துப்போன கோபத்தை அல்ல, அளவு கடந்த கோபத்தை. எல்லை கடத்தல்தான் இறத்தல். அந்தப் பொருளிலிருந்தே உயிர் போவதற்கும் அந்தச் சொல் ஆயிற்று, இறந்தகாலமும் ஆயிற்று. இன்று கடந்தகாலம் என்றும் இறந்தகாலம் என்றும் மாற்றி மாற்றி எழுதுகிறோம். இரண்டும் ஒன்றே என்பது எத்தனை பேருக்கு உறைக்கிறது?

மீறு பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கோடு, ஆணை, சட்டம், வரம்பு, வாக்கு, இவற்றைத்தான் மீறுவார்கள். குருவை மீறினாள் என்றால் சொல் கேட்கவில்லை என்று அர்த்தம். கன்னடத்திலும் தெலுங்கிலும் கூட மீறு இப்படித்தான்.

முந்து என்பதுதான் செய்தி எழுதுகிறவர்களுக்கு நான் அடிக்கடி எடுத்துக் கொடுக்கும் சொல். 2023 நவம்பர் 5 அன்று கொல்கத்தாவில் விராட் கோலி தன் 49ஆவது ஒருநாள் சதத்தை அடித்தபோது சச்சின் டெண்டுல்கரின் எண்ணிக்கையைச் சமன் செய்தார். பத்து நாள் கழித்து மும்பையில் நியூசிலாந்துக்கு எதிரான உலகக் கோப்பை அரையிறுதியில் 50ஆவது சதம். சச்சின் அங்கே அமர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். கோலி அவரை நோக்கித் தலை குனிந்து வணங்கினார். இதற்கு எப்படித் தலைப்பு வைப்பது? சாதனையை முறியடித்தார் எனலாம், ஏனென்றால் முறிவது சாதனை, ஆள் அல்ல. சதக் கணக்கில் சச்சினை முந்தினார் எனலாம். முந்துதல் வரிசையைச் சொல்கிறது, யார் முன்னே யார் பின்னே என்பதோடு நின்றுகொள்கிறது. ‘பந்திக்கு முந்து’ என்பதும் அதே வரிசைதான். ‘சச்சினை விஞ்சினார் கோலி’ என்று பொத்தாம் பொதுவாக எழுதினால், ஆட்டத்திறன் முழுவதிலும் மேம்பட்டவர் என்று நீங்கள் தீர்ப்புச் சொல்லிவிட்டதாக ஆகும். அது அடுத்த நாற்பது வருடத்துக்கு டீக்கடைகளில் தீராத வழக்கு. தலைப்பில் தீர்க்கக் கூடாது. எழுதத்தான் வேண்டுமென்றால் ‘சத எண்ணிக்கையில் விஞ்சினார்’ என்று எதில் என்பதைச் சேர்த்துவிட வேண்டும்.

இலக்கணமும் அதையே எதிர்பார்க்கிறது. யாரை என்பதற்கு ஐ, எதில் என்பதற்கு இல். ‘குரல் வளத்தில் அக்காளை விஞ்சினாள்.’ ‘அக்காளைவிட விஞ்சினாள்’ என்பது பிழை. ஒப்பிடும் வேலையை வினையே செய்துவிட்ட பிறகு ‘விட’வுக்கு அங்கே இடமில்லை. ‘மிஞ்சிப் போனால் நூறு ரூபாய்’ என்பதை எழுத்துத் தமிழாக்குகிறேன் என்று ‘விஞ்சிப் போனால்’ என்று திருத்துகிறவர்களும் உண்டு. வேண்டாம். அளவு பற்றிய பேச்சு மிஞ்சுக்கே சொந்தம், அது கொச்சையும் அல்ல. காப்பியங்களில் விஞ்சையர் என்று வருகிற தேவகணத்தாரின் பெயருக்கும் இந்த வினைக்கும் உறவில்லை; அது வித்தை என்பதன் வழி வந்த சொல். விஞ்ஞானமும் அப்படியே, வடமொழிக் கிளை.

ஒரு பிழையை மட்டும் என்னால் பொறுத்துக்கொள்ள முடிவதில்லை. ‘சாலை விபத்து உயிரிழப்பு சென்ற ஆண்டை விஞ்சியது’ என்ற மாதிரி வாக்கியங்கள் என் மேசைக்கு வந்தபடியே இருக்கின்றன. விஞ்சு என்பதில் ஒரு பெருமிதம் இருக்கிறது. பிணங்களை எண்ணும் இடத்தில் அதை வைக்கலாமா? அந்த வரியைப் படிக்கப்போகிறவர்களில் அப்பாவைப் பறிகொடுத்த பிள்ளையும் இருக்கும். ‘சென்ற ஆண்டைவிடக் கூடியிருக்கிறது’ என்று எழுதினால் செய்தியும் குறையாது, யார் நெஞ்சிலும் முள்ளும் தைக்காது. கடன், செலவு, வெள்ள நீர் எல்லாவற்றுக்கும் இதே பேச்சு. மிஞ்சலாம், மீறலாம், தாண்டலாம், கூடலாம். விஞ்ச வேண்டாம்.

இனி உங்கள் அழைப்பிதழுக்கு வருகிறேன். மி என்பதை வி ஆக்கிவிட்டால் போதுமா?

பல வருடங்களுக்கு முன் ஒரு தலைமையாசிரியரின் பணிநிறைவு மலர் என்னிடம் மெய்ப்புக்கு வந்தது. பழைய மாணவர் ஒருவர் உருகி எழுதியிருந்தார். கடைசி வரி, ‘ஐயாவை நாங்கள் மிஞ்சிவிட்டோம் என்று பெருமையோடு சொல்கிறோம்.’ நான் மியை அடித்து வி போட்டு அனுப்பினேன். அவர் நேரிலேயே வந்துவிட்டார். என் எழுத்தைத் திருத்த நீங்கள் யார் என்ற கோபம் முகத்தில். நான் ஒன்றும் வாதாடவில்லை. இரண்டு வரியையும் சத்தமாகப் படித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு வெகு நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, ‘இரண்டுமே வேண்டாம் ஐயா, நாங்களே எப்படிச் சொல்வது?’ என்று பேனாவை வாங்கி அந்த வரியை அடித்துவிட்டு, ‘ஐயா பெருமைப்படும்படி இருக்கிறோமா என்று அவர்தான் சொல்ல வேண்டும்’ என்று எழுதினார். அன்று எனக்குப் பாடம் சொன்னவர் அவர்தான். நான் எழுத்தைப் பார்த்தேன், அவர் யார் வாயிலிருந்து அந்தச் சொல் வர வேண்டும் என்று பார்த்தார்.

அதன் பிறகு கவனித்துப் பார்த்தேன். ‘நான் அவரை விஞ்சினேன்’ என்று தமிழில் யாரும் சொல்வதில்லை. இலக்கணத் தடை ஏதும் இல்லை, ஆனாலும் வாய் வருவதில்லை. விஞ்சு என்பது மூன்றாம் மனிதர் சொல்லும் சொல். அதை விடச் சிறப்பாக, விஞ்சப்பட்டவரே சொல்லும் சொல். ‘என்னை விஞ்சிவிட்டாள் என் பெண்’ என்று அப்பா சொன்னால் அதில் எவ்வளவு நிறைவு! ‘தாய் எட்டடி பாய்ந்தால் குட்டி பதினாறடி பாயும்’ என்பதையும் பெற்றவர் வாயால் கேட்க வேண்டும்.

‘தம்மின்தம் மக்கள் அறிவுடைமை மாநிலத்து மன்னுயிர்க் கெல்லாம் இனிது’ என்ற 68ஆம் குறளில் தொடக்கத்திலேயே அதே இன் உருபு நிற்கிறது. பரிமேலழகர் அதைக் கடைசிச் சொல்லான ‘இனிது’ என்பதோடு கொண்டுபோய்ச் சேர்க்கிறார்: பிள்ளைகளின் அறிவுடைமை பெற்றவர்களுக்கு இனிப்பதைவிட உலகத்துக்கு அதிகம் இனிக்கும். அதை ‘அறிவுடைமை’யோடு சேர்த்து, தம்மைவிடத் தம் மக்கள் அறிவுடையவராக இருப்பது என்று கொள்கிறவர்களும் உண்டு. எந்த வழி போனாலும் பிள்ளை மேலே போவதைப் பெற்றவர் அண்ணாந்து பார்த்து மகிழ்கிற காட்சிதான் எனக்குத் தெரிகிறது. குருவும் ஒரு பெற்றவர்தானே.

ஆகவே ‘குருவை விஞ்சிய சிஷ்யை’ என்று மாற்றினால் சொற்பிழை நீங்கும், பெரியப்பாவின் மனக்குறை முழுதும் நீங்காது. அழைப்பிதழ் உங்கள் குடும்பத்தின் பெயரில் போகிறது. உங்கள் பெண்ணைப் பற்றி நீங்களே அப்படி எழுதினால், குருவின் இடத்தில் நீங்கள் உட்கார்ந்துகொண்ட மாதிரி ஆகிவிடும். அந்த வரியையே எடுத்துவிடுங்கள். ‘இன்னாரிடம் இத்தனை ஆண்டுகள் பயின்ற எங்கள் மகள்’ என்று குருவின் பெயரை முழுதாக, கொஞ்சம் பெரிய எழுத்தில் போடுங்கள். அரங்கேற்றம் முடிந்து சலங்கை ஓய்ந்ததும் குருவை நான்கு வார்த்தை பேசச் சொல்லி ஒலிபெருக்கியை அவர் கையில் கொடுங்கள். விஞ்சினாள் என்ற சொல் வர வேண்டியிருந்தால் அங்கே வரட்டும். பெரியப்பாவை முன்வரிசையில் உட்கார வையுங்கள்.